புகைக்கூட்டத்தில் ஒரு தர்பூசணி

போசில்காவின் இருமலை வால்யெவோ ஊர்க் கடைத்தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. காலை எட்டரைக்குத் திரைச்சீலைக் கடையின் இரும்பு ஷட்டரைத் தூக்கிவிட்டு அவள் ஒரு பாட்டம் இருமினாள் என்றால், எதிர்ச்சாரி ரொட்டிக்கடையில் இரண்டாவது ஈடு ரொட்டியை அடுப்பிலிருந்து எடுப்பார்கள். அவ்வளவு நேரம் தவறாத இருமல். வயது ஐம்பத்தாறு. துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். பதினேழு வயதில் பற்றவைத்த சிகரெட்டை அவள் இன்னும் அணைக்கவே இல்லை என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைக்கிறவள் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை.

கடை முதலாளி நெவென்கா. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நெவென்காவின் அப்பா விட்டுப்போன கடை அவளுக்கு வந்தது; கடையோடு சேர்ந்து போசில்காவும் வந்தாள். இருபத்தேழு வருஷமாக ஒருத்தி முதலாளி, ஒருத்தி வேலைக்காரி. யார் யாரென்று வெளியாளுக்குத் தெரியாதபடிதான் பேசிக்கொள்வார்கள். நெவென்காவும் புகைப்பாள். ஆனால் கடைக்குள் கூடாது. துணி புகையைக் குடித்துவிடும், அப்புறம் எத்தனை துவைத்தாலும் கக்காது. ஆகையால் இருவரும் பின்வாசலில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, மழையோ பனியோ, மணிக்கு இரண்டு தரம் ஊதிவிட்டு வருவார்கள்.

அக்டோபரில் அந்த விபத்து நடந்தது. கல்யாணப்பெண் ஒருத்தி, வருங்கால மாமியாரோடு வந்து வெல்வெட் பார்த்துக்கொண்டிருந்தாள். போசில்கா ஏணியில் ஏறி, உயரத்திலிருந்த கம்பியில் மாதிரித் துணியை மாட்டப் போனாள். இருமல் வந்தது. பிடிமானத்துக்குக் கம்பியைப் பிடித்தாள். கம்பி, எட்டு மீட்டர் வெல்வெட், இருபத்துநாலு கொக்கி, போசில்கா எல்லாம் சேர்ந்து மாமியார் தலையில் இறங்கின. யாருக்கும் எலும்பு முறியவில்லை. மாமியார் மட்டும் வெல்வெட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் வழி தெரியாமல் ஐந்து நிமிஷம் கத்தினாள். மருமகள் அவசரப்பட்டு உதவவில்லை.

மறுநாள் நெவென்காவே அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கக்கூட இல்லை.

"வராந்தாவுல நீங்க உக்காந்திருந்தப்பவே எனக்குக் கேட்டுடுச்சும்மா. சிகரெட்டை இன்னிக்கே விடணும்."

"இன்னிக்கேன்னா… சாயங்காலமா?" என்றாள் போசில்கா.

மூன்று நாள் விட்டுப் பார்த்தாள். இரண்டு வாடிக்கையாளரோடு சண்டை, ரொட்டிக்கடைக்காரனோடு ஒன்று, தபால்காரரோடு ஒன்று. நான்காம் நாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த மின்சிகரெட் கடைக்குள் நுழைந்தாள். கழுத்துவரை பச்சை குத்தியிருந்த ஒரு பெண் கல்லாவில் இருந்தாள்.

"என்ன வாசனை வேணும் ஆன்ட்டி?"

"சிகரெட்டுக்கு என்னம்மா வாசனை? சிகரெட் வாசனைதான்."

அந்தப் பெண் புகையிலை வாசனையைக் கொடுத்தாள். ஒரு இழுப்பு இழுத்த போசில்காவின் முகம் கோணியது. "நனைஞ்ச சாக்கைக் கொளுத்துன மாதிரி இருக்கே!" பிறகு புதினா, வெனிலா, காபி என்று ஒவ்வொன்றாக வேண்டாமென்று தள்ளி, கடைசியில் தர்பூசணியில் வந்து நின்றாள். ஆகஸ்ட் மாதத்து தர்பூசணி, கிணற்றில் போட்டுக் குளிரவைத்தது மாதிரி இருந்தது. அதை வாங்கிக்கொண்டு கடைக்கு வரும் வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தாள்.

அதில்தான் சிக்கல். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. விரல் சுட்டால் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். இதற்கு முடிவே இல்லை. ஏணியில் ஒரு இழுப்பு, அளவுகோலை எடுக்கும்போது ஒன்று, கணக்குப்போடும்போது இரண்டு. பின்வாசலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

"ஏண்டி, கடைக்குள்ள ஊதாதேன்னு எத்தனை தரம் சொல்றது?" என்பாள் நெவென்கா.

"இது புகையாடி? வெறும் ஆவி. நீ உருளைக்கிழங்கு வேகவைக்கிறப்ப வராதா?"

"நான் கடைக்குள்ள உருளைக்கிழங்கு வேகவைக்கிறதில்லையே!"

அன்றிலிருந்து போசில்கா ஒளிந்து ஊத ஆரம்பித்தாள். கடைக்கோடியில் நின்றிருந்த வெல்வெட் உருளைகளுக்குப் பின்னால் ஓராள் நிற்க இடம் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் வித்தோமிர் வந்தார். ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர், நெட்டையான மனிதர், மனைவி போனபின் தனியாக இருப்பவர். படுக்கையறைக்குத் திரைச்சீலை வேண்டும் என்றார். நெவென்கா வெளியே போயிருந்தாள். போசில்கா நீலத்தில் ஒரு கனத்த துணியை விரித்துக் காட்டிவிட்டு, "பாத்துக்கிட்டே இருங்க டாக்டரே, இதே துணியில வேற நிறம் எடுத்தாறேன்" என்று உருளைகளுக்குப் பின்னால் போனாள். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. நீளமாக நாலு இழுப்பு.

வித்தோமிர் நிமிர்ந்து பார்த்தபோது சிவப்பு வெல்வெட்டின் தலைக்குமேல் வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் வைக்கோற்போர்களுக்கு நடுவே வாழ்ந்த மனிதர் யோசிக்கவா செய்வார்? வாசலில் தரை துடைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தண்ணீர் முழுவதும் உருளைகளைத் தாண்டி அப்பால் போய் விழுந்தது. அங்கிருந்து ஒரு அலறல். பிறகு, மூக்குக்கண்ணாடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் சொட்ட, வாயில் மின்சிகரெட் குழலோடு போசில்கா வெளியே வந்தாள்.

"உள்ள ஆள் இருக்குன்னு தெரியாதும்மா" என்றார் அவர், வாளியை இன்னும் கீழே வைக்காமல்.

"தீப்பிடிச்ச எடத்துல ஆள் இருந்தா தண்ணி ஊத்த மாட்டீங்களா?" என்றாள் போசில்கா. அவமானத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

அவரும் குற்ற உணர்ச்சியில் அந்த நீலத் துணியைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். இந்த முறை நெவென்கா இருந்தாள்.

"துணி நல்ல துணிதான்" என்று ஆரம்பித்தார் வித்தோமிர். "ஆனா ஹீட்டர் போட்டா அறை பூரா தர்பூசணி வாசம் வருது. ராத்திரி தூக்கத்துல எனக்கு நாக்குல எச்சில் ஊறுது. இந்தக் குளிருல தர்பூசணிக்கு நான் எங்க போவேன்?"

நெவென்கா துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அடுத்த உருளையை, அதற்கடுத்த உருளையை மோந்தாள். சுவரோரம் கடைசிவரை மோந்துகொண்டே போய் மோந்துகொண்டே திரும்பி வந்தாள். போசில்கா அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்குள்ள இனிமே அது உன் வாயில இருந்தா," என்றாள் நெவென்கா மெதுவாக, "உன்னை ஒரு மீட்டர் ஒரு மீட்டரா வெட்டி வித்துடுவேன்."

இருபத்தேழு வருஷத்தில் நெவென்கா மெதுவாகப் பேசியது இரண்டாவது தடவை. துணியைக் கெடுத்தோம் என்பது போசில்காவுக்கே உறைத்தது. அன்று முதல் பின்வாசலுக்கே திரும்பினாள். கடையில் அதோடு சண்டை தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு 'நனைந்த குடை' கஃபானா என்கிற சாப்பாட்டுக்கடைக்குப் போவது இருவருக்கும் வழக்கம். அங்கே புகைக்குத் தடை ஏதும் இல்லை. சொல்லப்போனால் புகையில்லாமல் அந்த இடத்தைப் பார்த்தவர்களே இல்லை. டிவியில் செய்தி வாசிப்பவர் எந்நேரமும் மூடுபனிக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவார். கஃபானாவை நடத்துகிற ஸ்லவோல்யூப் நாலு தட்டை ஒரு கையில் தூக்கிவரும்போதும் உதட்டில் சிகரெட் ஆடாது. சமையல் அவன் அக்கா ஸ்மில்யா. அவள் அடுப்படியை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, கணப்பு அடுப்போரம் தங்கள் வழக்கமான மேஜையில் உட்கார்ந்து, கன்றுக்குட்டி சூப் வரும்வரை போசில்கா குழலை எடுத்து நிம்மதியாக ஊதினாள். சுற்றிலும் பதினைந்து பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேஜையில் வித்தோமிரின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"யாரு இங்க தர்பூசணி அறுக்கறது?"

எல்லோரும் திரும்பினார்கள். "ஆமாய்யா, எனக்கும் பீன்ஸ் இனிக்குது" என்றது ஒரு குரல். "நான் சாராயத்துல ஏதோ கலந்துட்டான்னு நினைச்சேன்" என்றது இன்னொன்று.

ஸ்லவோல்யூப் வந்து குனிந்தான். "போசாக்கா, கோச்சுக்காதீங்க. அதை மட்டும் கொஞ்சம் வெளியில போய் இழுத்துட்டு வந்துடுங்களேன்."

"உன் வாயில என்னடா இருக்கு?"

"இது சிகரெட், அக்கா."

"அப்ப என் வாயில இருக்கறது?"

ஸ்லவோல்யூப் யோசித்தான். "அது… பழம்."

"நாப்பது வருஷம் உங்களோட சேந்து ஊதுனேன். எவனாவது மூக்கைச் சுளிச்சானா? இப்ப டாக்டர் சொன்னாங்கன்னு விட்டா, வெளிய போங்கறியே!"

"டாக்டர் சொன்னது சரிதாம்மா," என்றார் வித்தோமிர் சமாதானமாக. "நான் மாட்டுத் தொழுவத்துல நின்னுக்கிட்டே சாப்பிட்டவன். எந்த நாத்தமும் என்னை ஒண்ணும் பண்ணாது. ஆனா நல்ல வாசனை இருக்கு பாருங்க, அது சோத்துக்குள்ள வந்துடுது. இதே தர்பூசணி என் படுக்கையறையிலயும் இருந்துச்சு."

கஃபானா முழுவதும் கூரை அதிரச் சிரித்தது. வித்தோமிருக்குத் தாம் சொன்னதன் அர்த்தம் தாமதமாகப் புரிந்து காது சிவந்தது. நெவென்காதான் அதிகம் சிரித்தாள். புரையேறி, சிரித்துக்கொண்டே இருமினாள். போசில்கா கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெளியே பனி கொட்டியது. ஸ்லவோல்யூப் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதைத் துடைத்தும் கொடுத்தான். அந்த மரியாதை அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. உட்கார்ந்து ஊதினாள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் மங்கலாக எல்லோரும் ஊதிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் பைக்குள் பழைய சிகரெட் ஏதாவது கிடக்கிறதா என்று கை தானாகத் துழாவியது. ஒரு பொத்தான் கிடைத்தது. சிகரெட் ஒன்று கிடைத்திருந்தால் அன்றே அவள் உள்ளே போயிருப்பாள். எல்லோரும் கைதட்டி வரவேற்றிருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவரில் அறிவிப்பு ஒன்று தொங்கியது. போசில்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"'மின்சிகரெட் பிடிப்போர் தயவுசெய்து வெளியே செல்லவும். சுற்றியிருப்பவர்களின் மூச்சுக்கு மரியாதை கொடுக்கவும்.'" பிறகு அறிவிப்புக்கு நேர்கீழே இருந்த சாம்பல் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுல பதினாலு துண்டு கிடக்கு. எந்த மூச்சுக்குடா மரியாதை? எங்க இருக்கு அந்த மூச்சு? காட்டு, நானும் மரியாதை பண்றேன்."

ஸ்லவோல்யூப் தலையைச் சொறிந்தான். "வாடிக்கைக்காரங்க கேட்டாங்கக்கா."

"நானும் வாடிக்கைக்காரிதான். சரி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. துணிக்கடையில ஊதி ஊதிச் சரக்கைக் கெடுத்தேன். தப்பு என்னுது, ஒத்துக்கறேன். இனிமே இங்கயும் பக்கத்துல சாப்பிடறவங்களைக் கேக்காம ஊதமாட்டேன். வேணாம்னு சொன்னா அவங்க முடிக்கறவரைக்கும் காத்திருப்பேன். ஆனா ஆவிக்கு ஒரு சட்டம், புகைக்கு ஒரு சட்டம்னு இருக்கக் கூடாது. எல்லாரும் கேக்கணும்."

முணுமுணுப்பு எழுந்தது. வித்தோமிர் கரண்டியை வைத்தார். போன வாரத்துச் சிரிப்பு அவர் மனசில் இன்னும் முள்ளாக இருந்திருக்க வேண்டும். "அது நியாயம்தான்" என்றார். "மாட்டு டாக்டர் சொல்லிட்டாருப்பா, மாடுங்கள்லாம் ஒத்துக்கங்க" என்று யாரோ சொல்ல, சிரிப்போடு சிரிப்பாக அது சட்டமாகிவிட்டது. ஸ்லவோல்யூப் அறிவிப்பைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினான்: புகையோ ஆவியோ, பக்கத்தில் சாப்பிடுபவரைக் கேட்டுவிட்டு.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கஃபானாவில் யாரும் வேறு எதுவுமே பேசவில்லை. "ஐயா, ஒண்ணு பத்தவைக்கலாமா?" "தாராளமா. நான் பத்தவைக்கலாமா?" "அவரைக் கேட்டீங்களா?" "அவரு உங்களைக் கேக்கச் சொன்னாரே!" அரசாங்க அலுவலகம் தோற்றது. அன்று கணப்போர மேஜையை விட்டு நடுநாயகமாக உட்கார்ந்திருந்த போசில்காவின் மேஜைக்கு நாலு பக்கமும் நாலு மேஜை. எல்லோரும் அவளைக் கேட்டாக வேண்டும். அவள் யாரையும் மறுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அன்பாக ஒரே பதிலைச் சொன்னாள்:

"சாப்பிட்டு முடிச்சுடறேன், அப்புறம் ஊதுங்க."

பிறகு சாப்பிட்டாள். சூப்பைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினாள். பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஊறவைத்த மிளகாயைக் காம்புவரை மென்றாள். பன்றிக்கொழுப்பு வறுவல் ஒரு தட்டு வரவழைத்தாள். எங்கள் ஊரில் அதைப் புகையிலை மாதிரி நூல் நூலாகப் பிரித்துத்தான் வைப்பார்கள். அவள் ஒவ்வொரு நூலாகத் தின்றாள்.

"ஏண்டி, சீக்கிரம் முழுங்கித் தொலையேன்!" என்றாள் நெவென்கா, பற்றவைக்காத சிகரெட்டை விரலில் உருட்டிக்கொண்டு.

"டாக்டரம்மா நல்லா மென்னு சாப்பிடச் சொன்னாங்க."

ஒன்றரை மணிக்குள் புகை வடிந்துவிட்டது. எதிர்ச்சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரைப் படம் மாட்டியிருப்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வித்தோமிர் இரண்டாவது சூப் வாங்கினார். ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார்.

"ஸ்லவோல்யூப், உப்பு."

ஸ்லவோல்யூப் உப்புக் குப்பியை வைத்தான்.

"வேணாம்யா. உள்ள இருக்கறதை எடு."

ஒருவர் தம் தட்டை ருசி பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். மேஜை மேஜையாக முகங்கள் மாறின. "கடல் தண்ணிய வத்தவச்ச மாதிரி இருக்கே" என்றது ஒரு குரல். "இத்தனை நாளா இதையா தின்னோம்?" என்றது மற்றொன்று. சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு கையில் அகப்பையும் உதட்டில் சிகரெட்டுமாக ஸ்மில்யா நின்றாள்.

"எவன் என் சூப்பைக் குறை சொன்னது?"

பதினேழு பேரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

"இருபது வருஷமா இதே கை, இதே உப்பு. தட்டைக் கழுவவே வேணாங்கற மாதிரி நக்கி வச்சுட்டுப் போனவங்கதானே நீங்கள்லாம்!" வித்தோமிரின் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துக் குடித்தாள். "சரியாத்தான் இருக்கு. போசா, நீ சொல்லுடி."

போசில்கா கரண்டியை எடுத்தாள். உண்மையில் அவளுக்கு அது போன வாரமே தெரிந்திருந்தது. சிகரெட்டை விட்ட ஆறாவது வாரத்திலிருந்து நாக்கு ஒவ்வொன்றாக எதையோ கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ரொட்டி இனிக்கும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. ருசி பார்த்தாள். சபை காத்திருந்தது.

"உப்பு ஜாஸ்திக்கா" என்றாள்.

ஸ்மில்யா அகப்பையை மேஜைமேல் வைத்தாள். முன்துணியை அவிழ்த்துத் தம்பியின் தோளில் போட்டாள். கோட்டுகூட இல்லாமல் வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். "முடிஞ்சுது" என்றான் ஸ்லவோல்யூப், யாரிடமும் இல்லாமல். "நாளைக்கு நூத்திருபது பேருக்கு விருந்து ஒத்துக்கிட்டிருக்கேன்."

போசில்கா தன் கோட்டையும் நெவென்காவின் கோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஸ்மில்யா பிளாஸ்டிக் நாற்காலியில், பனியைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நெவென்காவின் கோட்டை அவள்மேல் போர்த்திவிட்டு போசில்கா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நாலஞ்சு வருஷமா எனக்கு ஒண்ணும் தெரியலடி," என்றாள் ஸ்மில்யா கடைசியில். "உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல. கைப்பழக்கத்துல போடறேன். சந்தேகமா இருந்தா இன்னும் கொஞ்சம் போட்டுடுவேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அப்ப சரியா இருக்குன்னுதானே அர்த்தம்? யார்கிட்டப் போய்க் கேக்கறது, சமையல்காரி நானு?"

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா. எல்லாரும் ஒரே புகைக்குள்ள இருந்தோம்."

"தம்பிகிட்டச் சொல்லிடாதே."

"சொல்லமாட்டேன். நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குப் பின்பக்கமா வரேன். நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன், நீங்க போடுங்க. யாராவது கேட்டா, திரைக்கு அளவெடுக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்."

ஸ்மில்யா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த எழவை என் அடுப்படியில ஊதக் கூடாது, சொல்லிட்டேன்."

"கேக்காம ஊதமாட்டேன்."

"கேட்டாலும் கூடாது."

மறுநாள் விருந்துக்கு வந்த நூற்றிருபது பேரில் எவரும் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து போசில்கா தினமும் பதினோரு மணிக்கு ஒரு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கஃபானாவின் பின்கதவு வழியாகப் போய் வருகிறாள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் ஊதுவதில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்கச் சோம்பல். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பற்றவைப்பார்கள். அப்போது போசில்காவும் ஊதுவாள். வித்தோமிர் மட்டும் அந்த நேரத்துக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு சிறிய கஃபானா ஜன்னலுக்கு இரண்டரை மாதமாக அளவெடுக்கிறாளே என்று நெவென்காவுக்குச் சந்தேகம் வந்து, மார்ச்சில் ஒரு நாள் பின்னாலேயே போய்க் கையும் கரண்டியுமாகப் பிடித்துவிட்டாள். விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, "நகருடி, நானும் பாக்கறேன்" என்று அகப்பையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"வெறும் தண்ணி மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு கை உப்புப் போடுங்க."

ஸ்மில்யாவும் போசில்காவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ஸ்மில்யாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். போசில்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? எதுக்குடி சிரிக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள் நெவென்கா. யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் அங்கேயே நின்றபடி இரண்டு தட்டு சூப் குடித்தாள்.